இருபத்திரண்டு செக்கன்

போட்டியில் எனக்கு 22 புள்ளி போனதற்குக் கை காரணமில்லை, வாய்தான் காரணம்.

கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபம். எனக்கு அது முதல் மேடை. உலக பரிஸ்டா போட்டியில் ஒருவருக்கு 15 நிமிஷம் கொடுப்பார்கள். அதற்குள் நான்கு நடுவர்களுக்கு எஸ்பிரெசோ நான்கு, பால் கோப்பி நான்கு, தானே யோசித்து உண்டாக்கிய பானம் நான்கு என்று 12 கோப்பை வைக்க வேண்டும். நேரம் தாண்டினால் செக்கனுக்கு ஒரு புள்ளி வெட்டு. ஒரு நிமிஷத்துக்கு மேல் தாண்டினால் ஆளே வெளியே. நாங்கள் நின்றது அதன் குட்டிப் போட்டியில். நடுவர் இரண்டு பேர், 10 நிமிஷம், எஸ்பிரெசோ இரண்டு, மேலே படம் ஊற்றிய பால் கோப்பி இரண்டு. எல்லாவற்றையும் குறைத்தவர்கள் வெட்டை மட்டும் குறைக்கவில்லை.

கோப்பையை நீட்டும்போது பேசவும் வேண்டும். கொட்டை எந்த ஊரில், எத்தனை அடி உயரத்தில் விளைந்தது, எப்படிக் கழுவிக் காயவைத்தார்கள், வாயில் வைத்தால் எந்த ருசி முதலில் தட்டும், இதெல்லாம் பேச்சில் வரவேண்டும். நான் கொண்டுபோனது கொத்மலைப் பக்கத்துக் கோப்பி. ஒன்றரை நிமிஷப் பேச்சு, கண்ணாடி முன்னால் நின்று பாடமாக்கியது. என் பேரைக் கூப்பிட்ட அறிவிப்பாளர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். தேயிலை மலையிலிருந்து கோப்பி ஊற்ற வந்திருக்கும் தங்கச்சி, நல்லாக் கைதட்டுங்க என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சபையும் தட்டியது. எனக்குத்தான் உள்ளே ஏதோ இடறியது. பாடமாக்கியதை விட்டுவிட்டு, எங்கள் ஊருக்குத் தேயிலைக்கு முந்தி வந்தது கோப்பிதான் என்று தொடங்கினேன். மணி அடித்தபோது நான் இன்னும் மன்னாரைத் தாண்டவில்லை.

மிச்சத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இங்கே மணியடிக்க ஆளில்லை.

வேலை கண்டியில். வீடு புசல்லாவை டவுனுக்கு மேலே, ஒரு தோட்டத்து லயத்தில். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் பஸ்ஸில் காலையில் தொற்றிக்கொண்டால் கம்பளை, கெலிஓயா, பேராதனை, கண்டி. ஒன்றரை மணித்தியாலம், சில நாள் இரண்டு. மூன்று வருஷம் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கியே போன பாதை. போட்டிப் பேச்சுக்கு இரண்டு தகவல் பொறுக்கலாம் என்று கண்டி டி. எஸ். சேனாநாயக்க நினைவு நூலகத்துக்குப் போனேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இலங்கைக் கோப்பியின் பழைய கதையில் பெரும்பங்கு என் பஸ் பாதையிலேயே கிடக்கிறது என்று. அதுவும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு.

முதல் பக்கம் பேராதனை. தாவரவியல் பூங்காவைச் சுற்றி மகாவலி வளைந்து ஓடுகிறது. அக்கரையில் கன்னொருவ. 1825இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே தனக்கென்று கோப்பித் தோட்டம் போட்டார். சட்டம் போடுகிறவரே தோட்டத்துத் தொரையும் ஆனால் எந்தப் பக்கம் சட்டம் சாயும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு ஒரு வருஷம் முந்தி, கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் தொடங்கியிருந்தார். மலைநாட்டில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் பெரிய கோப்பித் தோட்டம் என்று அதைத்தான் எழுதுகிறார்கள்.

அதற்கு முன்னால் இந்த நாட்டில் கோப்பிச் செடியே இல்லை என்று நினைக்கக் கூடாது. சிங்களச் சனங்களின் வீட்டுத் தோட்டங்களில் அது நின்றது. வெள்ளைப் பூவை விகாரையில் வைத்தார்கள். இலையைக் கறிக்குப் போட்டார்கள். கொட்டையை வறுத்து இடித்துக் குடிக்கிற வேலைக்குப் போகவில்லை. கோப்பிப் பூ பூத்திருக்கும்போது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், மல்லிகைக்குத் தங்கச்சி மாதிரி ஒரு வாசம். பூவோடு நின்றுகொண்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

1830களில் எல்லாம் சூடு பிடித்தது. காரணம் இங்கே இல்லை, மேற்கிந்தியத் தீவுகளில். அங்கே 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலையான சனம் தோட்டத்தை விட்டு நடந்தது, அங்கத்திய கோப்பி சுருங்கியது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் ஒரே தீர்வை என்றாக்கினார்கள். 1837இல் ஆர். பி. டைட்லர் என்ற வெள்ளைக்காரர் ஜமைக்காவில் படித்த வித்தையோடு கண்டிப் பக்கம் வந்தார். பழத்தைத் தோலுரித்து, தொட்டியில் ஊறவைத்து, வழுவழுப்புப் போகக் கழுவி, காயவைக்கும் முறை. இன்றைக்கும் போட்டி மேடையில் "வாஷ்ட்" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதேதான். அடிமைகளின் கையில் தேறிய வித்தை, அந்தக் கைகள் விடுபட்டதும் வேறு கைகளைத் தேடிக்கொண்டு கப்பலேறியது.

நிலத்துக்கு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். உறுதி காட்ட முடியாத காடு, சேனை நிலமெல்லாம் முடிக்குரியது என்றார்கள். ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தரும் ராணுவத்தாரும் ஏராளம். இழந்தவர்கள் கண்டிச் சிங்களக் கிராமத்தவர். 1848இல் மாத்தளையில் வெடித்த கலகத்துக்குப் புது வரிகளோடு இந்தக் கோபமும் ஒரு காரணம். அவர்கள் தங்கள் காட்டை அழித்துப் போட்ட தோட்டத்தில் கூலிக்கு நிற்க மாட்டோம் என்றதை, நாங்கள் பள்ளிக்கூடத்தில் "சிங்களவர் தோட்ட வேலையை விரும்பவில்லை" என்று ஒரே வரியில் படித்தோம். பரீட்சையில் அதற்கு இரண்டு புள்ளி. நானும் எழுதி வாங்கியிருக்கிறேன்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால்தான் எங்கள் ஆட்கள் வருகிறார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பான். தொண்டி, பாம்பன் கரைகளில் தோணி ஏறி மன்னாரில் இறங்குவார்கள். மன்னாரிலிருந்து காட்டுவழி: அனுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை. 150 மைல் அளவு நடை. குடிக்கத் தண்ணீர் கிடைக்காத இடமும் உண்டு, கிடைத்த தண்ணீரில் வாந்திபேதி இருந்த இடமும் உண்டு. காய்ச்சலில் விழுந்தவர்களைக் காட்டிலேயே விட்டுவிட்டு நடந்திருக்கிறார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகும் எங்கள் சனங்கள், உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்ட இடம் அது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மேடையில் மணி அடித்தது அந்த மன்னார்க் கரையில் இறங்கும் இடத்தில்தான்.

இப்போது புசல்லாவை. சுமார் 3,000 அடி உயரம், கம்பளையிலிருந்து ரம்பொடைக்கு ஏறும் வழியில் கிடக்கிற கடைத்தெரு. 1841இல் மோரிஸ், கேப்ரியல் வார்ம்ஸ் என்ற அண்ணன் தம்பி இங்கே தோட்டம் திறந்தார்கள். ஜெர்மன் யூதர்கள். அவர்களுடைய தாய், ஐரோப்பா முழுக்கப் பேர்பெற்ற ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தில் பிறந்தவள். தாய்வீட்டுப் பேரையே தோட்டத்துக்கு வைத்தார்கள், ரொத்சைல்ட். பேர் இன்றைக்கும் இருக்கிறது, பயிர் மட்டும் தேயிலை. இதில் ஒரு வேடிக்கை. மோரிஸ் சீனாவுக்குப் போனவர் தேயிலைக் கன்றுகள் கொண்டுவந்து, அதே வருஷம் இந்தக் கோப்பித் தோட்டத்திலேயே நட்டார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கர் தேயிலை போட்டது 1867இல்தான். ஆக எங்கள் ஊரில் தேயிலை, கோப்பியின் இடுப்பில் பிள்ளையாக 26 வருஷம் முந்தியே வந்துவிட்டது. வியாபாரமாக எடுபடவில்லை. கோப்பி அவ்வளவு காசு கொட்டும்போது இலையைப் பிடுங்கிக் கொதிக்கவைக்க யாருக்குப் பொறுமை?

கோப்பிப் பழம் ஆய்வது கொழுந்து ஆய்வது மாதிரி இல்லை. கொழுந்து ஏழு பத்து நாளுக்கொரு முறை, வருஷம் முழுக்க. பழம் ஒரு பருவம். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் நிற்கும், சிவப்பை மட்டும் கிள்ள வேண்டும். பச்சை கலந்தால் கோப்பி கசக்கும், இன்றைக்கும் அப்படித்தான். பழத்தைப் புசல் கணக்கில் அளந்தார்கள். புசல் அளந்த ஊர் புசல்லாவை என்று சின்ன வயதில் நானாகவே ஒரு கதை கட்டி நம்பிக்கொண்டிருந்தேன். ஊர்ப்பேர் சிங்களப் பேர், கோப்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் ஒரு சொல்லுக்குச் சம்பந்தம் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை யாரும் ஃபெக்டரி என்று சொல்வதில்லை. "ஸ்டோரு" என்போம். அப்பா ஸ்டோருக்குப் போயிருக்கார், ஸ்டோரு சங்கு ஊதிருச்சு. இலை அங்கே களஞ்சியமாகக் கிடப்பதில்லை, வாடுது, அரைபடுது, வறுபடுது, பெட்டியில் போகுது. பிறகு ஏன் ஸ்டோர்? கோப்பிக் காலத்தில் பழத்தைத் தோலுரித்து, கழுவி, காயவைத்து, மூட்டை கட்டி வைக்கும் கட்டடத்தைத் தொரைமார் "கோப்பி ஸ்டோர்" என்று எழுதியிருக்கிறார்கள். பயிர் மாறியது, இயந்திரம் மாறியது, சனத்தின் வாயில் பேர் மாறவில்லை என்பது என் கணிப்பு. நூலகத்தில் அந்த இரண்டு சொல்லைப் பார்த்தபோது, மேசையில் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

ஸ்டோரிலிருந்து மூட்டை மாட்டுவண்டியில் கொழும்புக்கு. வழியெல்லாம் மழை, சரிவு, சேறு. கண்டியில் 1854இல் ஜோன் வாக்கர் பட்டறை போட்டது கோப்பி தோலுரிக்கும் இயந்திரத்துக்காக. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் ரயில் வந்ததும் கோப்பிக்காக. நாம் இன்றைக்குக் கடுகண்ணாவைச் சுரங்கத்தில் ஜன்னலோரம் பிடித்துப் படம் எடுக்கிறோமே, அந்தத் தண்டவாளம் நமக்காகப் போட்டதில்லை. 1870 அளவில் ஒரே வருஷத்தில் பத்துக் கோடி இறாத்தலுக்கு மேல் கோப்பி இந்தத் தீவிலிருந்து கப்பலேறியது. சிங்களக் கிராமத்தவர் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துக் கொடுத்ததும் அதில் பெரிய பங்கு. அதை மறந்துவிட்டுத் தொரைமார் கதையாகவே எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது.

இனி நான் மேடையில் சொல்ல விரும்பிய ஒரே விஷயம். கோப்பிக் காலத்தில் எங்கள் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பருவம் முடிந்ததும் மிச்சம் பிடித்த காசை முடிந்துகொண்டு, வந்த வழியே நடந்து, தோணி ஏறி, ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் அநேகம். அடுத்த பருவம் திரும்பி வருவார்கள், அல்லது தம்பியை அனுப்புவார்கள். கடன் கழுத்தை நெரித்தது, கங்காணி கணக்கில் ஏமாற்றினான், வழியில் செத்தார்கள், எல்லாம் உண்மை. ஆனால் ஊர் என்ற ஒன்று அக்கரையில் இருந்தது, அதற்குப் போகும் பாதையும் இருந்தது. அந்தப் பாதையை அடைத்தது எந்தத் தொரையும் இல்லை. ஒரு பூஞ்சணம்.

1869. மடுல்சீமையில் கோப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக ஒன்று தெரிந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெய்ட்ஸ் இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதற்கு ஹெமிலியா வாஸ்டட்ரிக்ஸ் என்று பேர் வைத்தார்கள். வாஸ்டட்ரிக்ஸ் என்றால் பாழாக்குபவள். விரலால் தொட்டால் மஞ்சள் பொடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். இலை கொட்டும். செடி திரும்பத் துளிர்க்கும், திரும்பக் கொட்டும், இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும் சக்தியே போய்விடும். அதே 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் கோப்பிப் பயிர் செய்கிற முறையைப் பாட்டாக்கி "கோப்பிக் கிருஷிக் கும்மி" என்று அச்சிட்டிருக்கிறார். கும்மி அச்சேறிய வருஷமே இலையில் துரு ஏறிய வருஷம்.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி வந்து இரண்டு வருஷம் தங்கி ஆராய்ந்தார். காற்றில் பறக்கும் வித்துத்தூள்தான் நோயைப் பரப்புகிறது, மலைமலையாக ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நட்டதுதான் அதற்குப் போட்ட பந்தல் என்றார். மருந்து எதுவும் அவர் கையில் இல்லை. தொரைமாருக்கு ஏமாற்றம். 1884இல், கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி விழுந்தது. செத்த கோப்பி மரங்களைச் சீவி இங்கிலாந்துக்கு அனுப்பித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

பிறகு தேயிலை. கொழுந்து பருவம் பார்ப்பதில்லை. வருஷம் முழுக்க ஆள் வேண்டும், பெண்ணாள் கூடுதலாக வேண்டும், குடும்பத்தோடு வேண்டும். லயத்துக் காம்பராக்கள் வரிசை வரிசையாக எழும்பின. வந்து போனவர்கள் தங்கிப்போனார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, நீங்கள் இந்த நாட்டார் இல்லை என்றபோது, போவதற்குப் பாதையும் இல்லை, தெரிந்த ஊரும் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் டில்லியில் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். என் அப்பாயியின் அண்ணன் அந்தக் கணக்கில் போய்க் கோத்தகிரியில் இறங்கினார். அங்கேயும் கொழுந்துதான் ஆய்ந்தார். பருவம் முடிந்து வீடு திரும்பும் கோப்பிக்காரனாக இருந்திருந்தால் அவரை யாரும் பங்கு போட்டிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். சரித்திர ஆசிரியர்கள் இதை மறுக்கலாம். வேறு நூறு காரணமும் இருக்கும். எனக்கு அந்த ஆரஞ்சுப் பொடி கண்ணைவிட்டுப் போக மறுக்கிறது.

அப்பாயியிடம் வருகிறேன். எங்கள் லயத்துக்குப் பின்னால், கக்கூசுக்குப் போகும் படிக்கட்டோரம், நாலு கோப்பி மரம். எவரும் நட்டதாக ஞாபகமில்லை என்பாள். பழுத்ததும் பறித்து, இஸ்தோப்பில் சாக்கு விரித்துக் காயவைத்து, தோலை உரலில் குத்தி நீக்கி, அடிதட்டிய தகரச் சட்டியில் வறுப்பாள். நான் வேலை செய்யும் இடத்தில் வறுத்த நிறத்தைப் பார்க்க ஒரு கருவி உண்டு. அப்பாயிக்குக் காதுதான் கருவி. முதல் வெடி வெடிக்கும், பிறகு கொஞ்ச நேரம் அடங்கும், இரண்டாவது வெடி சன்னமாக, உலர்ந்த சருகை மிதித்த மாதிரி. அதில் இறக்குவாள். கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து இடிப்பாள். அந்தத் தூள் வருஷம் முழுக்க வருவதற்குக் காரணம் நாங்கள் அதை அதிகம் குடிப்பதில்லை. எங்களுக்குத் தினமும் பிளேன்டீ. கோப்பி, சாவு வீட்டுக்கு. இரவு முழுக்கப் பிணத்தோடு விழித்திருக்க வேண்டுமே, அண்டாவில் கொதிக்கும். வகுப்புத் தோழிகளுக்கு கோப்பி வாசம் மழையையும் புத்தகத்தையும் ஞாபகப்படுத்துமாம். எனக்குப் பந்தலும் பறையும்.

அதனால் நான் கண்டியில் கோப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன் என்றதும் அப்பாயி, "ஏன் புள்ள, ஊருல நல்ல கடையே இல்லியா?" என்றாள்.

படம் ஊற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்பார்கள். அது ரொம்பப் பழைய கலை ஒன்றுமில்லை. மிலானில் அகிலே கஜ்ஜியா 1940களின் கடைசியில் கைப்பிடி இயந்திரம் செய்த பிறகுதான் எஸ்பிரெசோவின் மேல் பொன்னிறப் படலம் தடிப்பாக வந்தது. படலம் இருந்தால்தான் படம். அமெரிக்காவில் சியாட்டிலில் டேவிட் ஷோமர் 1980களின் கடைசியிலிருந்து படம் ஊற்றுவதைப் பழகி, பிறகு இலைப் படத்தையும் பரப்பினார். உலக பரிஸ்டா போட்டி 2000இல் மொன்டே கார்லோவில் தொடங்கியது. நோர்வேக்காரர் வென்றார். பிறகும் வருஷா வருஷம் கோப்பியை விளைவிப்பதைவிட வாங்கிக் குடிக்கும் நாட்டுக்காரர்களே வென்றார்கள். 2011இல் பொகோட்டாவில்தான் எல் சல்வடோர்க்காரர் அலெகாண்ட்ரோ மென்டெஸ், கோப்பியை விளைவித்து விற்கும் நாட்டிலிருந்து முதல் ஆளாக அதை வாங்கினார். பன்னிரண்டாவது போட்டி.

பழகுவதற்குப் பால் கட்டுபடியாகாது. ஜக்கில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, நீராவிக் குழாயை நுனி மட்டும் முக்கித் திறந்தால், காகிதம் கிழிகிற மாதிரி மூன்று நாலு செக்கன் சத்தம் வரும். அதோடு குழாயை இறக்கிச் சுழல விட வேண்டும். பாலென்றால் 60 பாகையைத் தாண்டும்போது ஜக்கின் அடியில் உள்ளங்கை தாங்காது, அப்போது நிறுத்த வேண்டும். கடை மூடிய பிறகு ஒரு மணித்தியாலம் இப்படிச் சவர்க்காரத் தண்ணீரில் இலை ஊற்றிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பேன். போட்டியில் இரண்டு கோப்பையும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்க வேண்டும். என் முதல் இலை நடுவில் நின்றது. இரண்டாவது, ஜக்கின் மூக்கைத் தூக்கி நரம்பு இழுக்கும் நேரத்தில், இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்கு வெட்டிய புள்ளி நியாயம். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கொட்டையைப் பற்றி நான் பேசியதில் நடுவர்கள் குறித்துக்கொண்டது ஒன்றே ஒன்று. கொத்மலைத் தோட்டத்தில் இருப்பது கட்டிமோர் வகை. தீமோர் தீவில் அரபிகாவும் ரொபஸ்டாவும் தானாகக் கலந்து பிறந்த ஒரு மரம், துரு நோய்க்கு அசராதது. அதன் வழியில் வந்தது கட்டிமோர். ஆரஞ்சுப் பொடி கோப்பியை அழித்த இடத்துக்கு, அதைத் தாங்கும் பிள்ளை திரும்பி வந்திருக்கிறது.

எட்டாவதாக வந்தேன். நின்றது பதினான்கு பேர். வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் கடையில் கடன் வாங்கிய ஜக்கில், காஸ் அடுப்பில் சூடாக்கி மத்தால் அடித்த பாலை, அப்பாயியின் இடித்த தூள் கோப்பியில் ஊற்றிப் பார்த்தேன். படலமே இல்லாத கோப்பியில் படம் எங்கே நிற்கும்? வெள்ளையாய் ஒரு தேமல் மிதந்தது. அப்பாயி அதைக் கரண்டியால் கலக்கிவிட்டு, சீனி பத்தலை என்றாள்.

அடுத்த போட்டிக்குப் பேச்சை வெட்டிக்கொண்டிருக்கிறோம். தம்பி போனில் நேரம் பிடிக்கிறான். முதலில் எல்லாவற்றையும் வைத்துச் சொன்னபோது 11 நிமிஷம் 8 செக்கன். பார்ன்ஸ் போனார். டைட்லர் போனார். "ரயிலயும் எடு அக்கா" என்றான், எடுத்தேன். ரொத்சைல்டை எடுக்கும்போது தம்பிக்கு மனசே இல்லை. "அந்தப் பேரச் சொன்னாத்தானே அக்கா நடுவரு நிமிந்து பாப்பாரு?" என்றான். உண்மைதான், நிமிர்ந்து பார்ப்பார். அதற்கு 19 செக்கன் பிடிக்கிறது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடப்பதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். நடையை வைத்துக்கொண்டு தொரைமாரை எடுத்தேன். நேற்று இரவு 9 நிமிஷம் 51.